பழைய செஸ்னாவின் எஞ்சினும் ஏவியானிக்ஸும்: கடலோர ஹாங்கருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய சிறு விமானம் வைத்திருப்பவர் கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் முதலில் கண் போவது பேனலில்தான். உருண்டை உருண்டையான மீட்டர்களைக் கழற்றிவிட்டு வண்ணத் திரை ஒன்றை மாட்டிவிட வேண்டும் என்று தோன்றும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் களியக்காவிளை எல்லை தாண்டி வந்து திருவனந்தபுரம் பக்கம் ஹாங்கரில் (விமானக் கொட்டகையில்) வேலை பார்க்கிற நமக்கு அந்த வரிசை ஒத்துவராது. இங்கே ரன்வேக்குப் பக்கத்திலேயே சங்குமுகம் கடற்கரை. மேல்காற்று உப்பைக் கொண்டுவந்து இறக்கையிலும் எஞ்சின் மூடிக்குள்ளும் பூசிவிட்டுப் போகும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. அது ஓய்ந்ததும் வடகிழக்கு வந்துவிடும். பயிற்சிப் பறத்தல் நாள்கணக்கில் நின்றுபோகும். இந்த ஊரில் எஞ்சின்கள் பறந்து தேய்வதைவிடச் சும்மா நின்று கெடுவதே அதிகம்.

அதனால் செலவின் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் காகிதம், அப்புறம் துரு, அப்புறம் எஞ்சின், அதன்பின் வயரிங், எல்லாம் முடிந்த பிறகு ரேடியோவும் திரையும்.

எடுத்துக்காட்டுக்கு நம் பக்கம் பயிற்சிக்கு அதிகம் புழங்கும் செஸ்னா 152, 172 இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். 152 உற்பத்தி 1977இல் தொடங்கி 1985இல் நின்றது. லைகமிங் நிறுவனத்தின் ஓ-235 எஞ்சின், 110 குதிரைத்திறன். 172 வெளிவந்தது 1956இல். 1986இல் அதன் உற்பத்தியும் நின்று, பத்தாண்டு கழித்து எரிபொருள் ஊசி எஞ்சினுடன் மறுபடி வந்தது. கார்புரேட்டர் வைத்த செஸ்னா உங்கள் ஹாங்கரில் நிற்கிறது என்றால் அதற்கு ஏறக்குறைய நாற்பது வயது, அல்லது அதற்கும் மேல்.

முதல் படி: லாக்புக்கைப் படியுங்கள்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஒரு முழு நாளை லாக்புக்குகளோடு செலவிடுங்கள். ஏர்ஃபிரேம் (விமானத்தின் உடல்), எஞ்சின், புரொப்பெல்லர் மூன்றுக்கும் தனித்தனி. தேட வேண்டியது பறந்த மணிக்கணக்கை மட்டும் அல்ல, தேதிகளின் இடைவெளியையும். ஒரு பதிவுக்கும் அடுத்த பதிவுக்கும் நடுவே ஏழெட்டு மாதம் காணவில்லை என்றால், அந்தக் காலத்தில் எஞ்சின் எப்படிப் பாதுகாக்கப்பட்டது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பாதுகாக்கப்படவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து ஏர்வொர்த்தினஸ் டைரக்டிவ், அதாவது பறக்கும் தகுதிக்காகக் கட்டாயம் செய்ய வேண்டிய வேலைகளின் உத்தரவுப் பட்டியல். இது விமானம், எஞ்சின், புரொப்பெல்லர், பிளக்குக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோ, கார்புரேட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் தனியாக உண்டு. ஒரு தடவை செய்து முடிப்பவை சில, குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப வருபவை சில. செஸ்னாவின் இருக்கைத் தண்டவாளம் இரண்டாவது வகை. அதில் உள்ள துளைகள் தேய்ந்துபோனால் இருக்கையைப் பூட்டும் ஆணி நழுவி, விமானம் மேலே ஏறும்போது பைலட்டின் இருக்கை பின்னால் ஓடிவிடும். யோக்கை (கட்டுப்பாட்டுச் சக்கரத்தை) பிடித்தபடியே பின்னால் போனால் மூக்கு எங்கே தூக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இந்த ஒன்றையாவது ஒவ்வொரு 100 மணி ஆய்விலும் கையால் தடவிப் பாருங்கள்.

சட்டப்படி யார் கையெழுத்துப் போடலாம் என்பதையும் இங்கேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். டிஜிசிஏவின் (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின்) சிஏஆர்-66 விதிப்படி பிஸ்டன் எஞ்சின் விமானத்துக்கு பி1.2 உரிமம், ஏவியானிக்ஸுக்கு (விமானத்தின் மின்னணுச் சாதனங்களுக்கு) பி2. விமானம் தொடர்ந்து பறக்கத் தகுதியாக இருப்பதை சிஏஆர்-எம் ஆள்கிறது, ஏர்வொர்த்தினஸ் ரிவ்யூ சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். உதிரிபாகம் எதுவானாலும் கூடவே விடுவிப்புச் சான்றிதழ் வர வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்தால் 8130-3 படிவம், இங்கே ஒப்புதல் பெற்ற நிறுவனத்திலிருந்து வந்தால் சிஏ படிவம் 1. காகிதம் இல்லாத பாகம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதை அலமாரியில்கூட வைக்காதீர்கள். அலமாரியில் இருந்தால் ஒருநாள் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள்.

இரண்டாம் படி: துரு வேட்டை

தரைப்பலகையைத் தூக்குங்கள். உள்பக்க ஆய்வு மூடிகள் அத்தனையையும் திறங்கள். பாட்டரிப் பெட்டியும் அதன் கீழுள்ள தகடும், வாலருகே கேபிள்கள் கப்பியில் திரும்பும் இடங்கள், இறக்கை உடலோடு சேரும் பகுதி, கதவின் கீழ்விளிம்பு இவையெல்லாம் ஈரம் தங்கும் இடங்கள். அலுமினியத் துரு சிவப்பாக இராது. வெள்ளைப் பொடியாகவோ, பெயின்ட்டின் அடியில் கொப்புளமாகவோ தெரியும். ரிவெட்டைச் சுற்றிக் கறுப்பாகப் புகைபோல் கோடு இழுத்திருந்தால் அந்த ரிவெட் ஆடுகிறது என்று பொருள்.

கண்ட்ரோல் கேபிளைத் துணியால் சுற்றிப் பிடித்து நீளமாக இழுத்துப் பாருங்கள். துணி மாட்டினால் இழை அறுந்திருக்கிறது. கப்பியில் வளையும் இடத்தை யோக்கை அசைத்து வெளியே கொண்டுவந்து பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அறுந்த இழை கப்பிக்குள்ளேயே ஒளிந்திருக்கும். 152, 172 அடங்கிய பழைய 100 வரிசை விமானங்களுக்கென்றே துரு, விரிசல் பற்றிய துணை ஆய்வு ஆவணங்களைச் செஸ்னா வெளியிட்டிருக்கிறது. உங்கள் பராமரிப்புத் திட்டத்தில் அவை சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுவது இந்தக் கடலோரத்தில் மிகவும் மலிவான பராமரிப்பு. காற்றழுத்தம் அளக்கும் ஸ்டாட்டிக் துளைகளை மூடிவிட்டுக் கழுவுங்கள், கழுவியதும் மூடியதை மறக்காமல் எடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை உட்புறத்தில் துருத்தடுப்புத் திரவம் தெளித்துவிட்டால் நல்லது. ஒரு வாரத்துக்கு ரிவெட் வரிசையெல்லாம் வழியும், முகம் சுளிக்க வேண்டாம்.

மூன்றாம் படி: எஞ்சின்

லைகமிங்கில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் எஞ்சினின் மேல்பக்கம், கிராங்க் ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. எஞ்சினை நிறுத்திச் சில நாளில் எண்ணெய் எல்லாம் கீழே வடிந்துவிடும். கேமும் அதைத் தொடும் டேப்பட் முகமும் ஈரக் காற்றில் அம்மணமாக நிற்கும். மெல்லிய துரு படியும். மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது அந்தத் துருவே உப்புக்காகிதம்போல் அறுக்கும். டேப்பட் முகம் உரியும், கேமின் மேடு தேயும், வால்வு முழுசாகத் திறக்காது, சக்தி மெல்ல மெல்லக் குறையும். கான்டினென்டல் நிறுவனத்தின் ஓ-200 போன்றவற்றில் கேம் கீழே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. 1977 முதல் வந்த 172என் மாடலின் ஓ-320-எச் எஞ்சினுக்கு இதில் கெட்ட பெயரே உண்டு. அதற்கு லைகமிங்கின் எல்டபிள்யூ-16702 சேர்மானம் அல்லது அது ஏற்கெனவே கலந்த எண்ணெய் கட்டாயம்.

மழைக்காலத்தில் ஹாங்கரில் இரண்டு பழக்கங்களைப் பார்க்கலாம். ஒன்று, வாரம் ஒருமுறை பத்து நிமிடம் தரையில் ஓட்டி நிறுத்துவது. மற்றது, போகிற வருகிறவர்கள் புரொப்பெல்லரைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவது. இரண்டும் கெடுதல். எரிதலில் பிறக்கும் நீராவி எண்ணெயில் சேரும். பத்து நிமிடத்தில் எண்ணெய் சூடாகி அதை வெளியேற்றாது, அமிலத்தோடு உள்ளேயே தங்கும். கையால் சுற்றினால் கேமில் மிஞ்சியிருக்கும் கொஞ்சநஞ்ச எண்ணெயும் துடைபட்டுவிடும். மேக்னெட்டோ எர்த் வயர் அறுந்திருந்தால் எஞ்சின் திடீரென ஓடத் தொடங்கும் அபாயம் வேறு. எண்ணெய் வெப்பம் 165 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 74 செல்சியஸைத் தாண்டும்படி ஒரு மணி நேரம் பறப்பதுதான் மருந்து. ஒரு மாதத்துக்கு மேல் பறக்க வழியில்லை என்று தெரிந்தால் முறையாகப் பாதுகாப்பில் போடுங்கள்: பாதுகாப்பு எண்ணெய் ஊற்றிப் பறந்துவிட்டு வந்து, சிலிண்டருக்குள் தெளித்து, மேல் பிளக்குகளுக்குப் பதில் சிலிக்கா ஜெல் பிளக் மாட்டி, புகைப்போக்கி, பிரீதர் எல்லாவற்றையும் அடைத்து, புரொப்பெல்லரில் சிவப்புப் பட்டையோடு எச்சரிக்கை தொங்கவிட வேண்டும். நீலமாக இருக்கும் ஜெல் இளஞ்சிவப்பானால் மாற்றுங்கள். இங்கத்திய ஈரத்தில் நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் நிறம் மாறும்.

எண்ணெய் மாற்றத்துக்கு லைகமிங் சொல்லும் கணக்கு: ஃபில்டர் இருந்தால் 50 மணி, வெறும் சல்லடை மட்டும் இருந்தால் 25 மணி, எதுவானாலும் நான்கு மாதம், எது முதலில் வருகிறதோ அது. கடைசிப் பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். "ஆயில் இன்னும் கறுக்கவே இல்லியே அண்ணே, எதுக்கு மாத்தணும்?" என்று உதவிக்கு நிற்கும் பையன் கேட்பான். கறுப்பு கண்ணுக்குத் தெரியும், ஈரமும் அமிலமும் தெரியாது. நம் வெயிலுக்கு எஸ்ஏஇ 50 கனத்தில் ஆஷ்லெஸ் டிஸ்பர்சன்ட் (சாம்பல் விடாமல் அழுக்கைப் பிரித்துவைக்கும்) வகை பொருந்தும்.

கழற்றிய ஃபில்டரைக் குப்பையில் போடாதீர்கள். அதற்கென்றே உள்ள கட்டரால் வெட்டுங்கள், ரம்பத்தால் அறுத்தால் ரம்பத்தூளே உள்ளே விழும். காகித மடிப்பை விரித்து, வெள்ளைத் துணிமேல் பரப்பி, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மின்னும் துகளைக் காந்தத்தால் தொடுங்கள். ஒட்டினால் இரும்பு: கேம், டேப்பட், கியர் பக்கம் தேடுங்கள். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம்: பிஸ்டன், பிஸ்டன் பின்னின் (pin) பிளக். கறுத்து நொறுங்கும் துகள் பெரும்பாலும் கரி. எண்ணெய் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவதும் நல்லதுதான், ஆனால் ஒரே ஒரு அறிக்கையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மூன்று நான்கு அறிக்கைகளில் எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதே செய்தி.

கம்ப்ரஷன் சோதனையை எஞ்சின் சூடாக இருக்கும்போதே செய்யுங்கள். 80 பி.எஸ்.ஐ. காற்று கொடுத்து சிலிண்டர் எவ்வளவு பிடித்துவைக்கிறது என்று பார்ப்போம். நான்கு சிலிண்டரும் 70க்கு மேல், ஒன்றுக்கொன்று அருகில் என்றால் நிம்மதி. 65க்குக் கீழே போனால் பறந்துவிட்டு வந்து திரும்ப அளந்து பாருங்கள். மீட்டர் காட்டும் அளவைவிட ஓசை அதிகம் சொல்லும். எண்ணெய் ஊற்றும் வாயில் காது வைத்துச் சீறல் கேட்டால் பிஸ்டன் ரிங். சைலன்சர் குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு. அப்புறம் கீழ் பிளக் துளை வழியாக போரோஸ்கோப் (மெல்லிய குழாய்க் கேமரா) விட்டு எக்ஸாஸ்ட் வால்வின் முகத்தைப் படமெடுங்கள். நடுவில் சிவந்து சுற்றிலும் ஒரே மாதிரி வளையமாக இருந்தால் நல்ல வால்வு. ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் பச்சையாகவோ வெளிறியோ பிறைபோல் இருந்தால் அது எரியத் தொடங்கிவிட்டது. இன்று போன் விலையில் பாதிக்கு போரோஸ்கோப் கிடைக்கிறது. என் பார்வையில் கடந்த இருபதாண்டில் சிறு எஞ்சின்காரர்களுக்குக் கிடைத்த ஆகச் சிறந்த கருவி அதுதான். வண்ணத் திரையெல்லாம் பிறகு.

மேக்னெட்டோவை 500 மணிக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். செஸ்னா 152இல் 1,700 ஆர்.பி.எம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) ஒரு மேக்னெட்டோவுக்கு மாற்றினால் 125க்கு மேல் குறையக் கூடாது, இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 50க்குள். குறையவே இல்லை என்றால் மகிழ வேண்டாம்: அந்த எர்த் வயர் விட்டிருக்கலாம், சாவியை அணைத்தாலும் மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். பிளக்குகளில் ஈயம் அடைவது 100எல்எல் எனும் ஈயம் கலந்த விமானப் பெட்ரோலின் கூடப் பிறந்தது. கழற்றி, சுத்தம் செய்து, மேல் கீழ் மாற்றிப் போட்டு, புது கேஸ்கட்டோடு டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். கை தவறிக் கீழே விழுந்த பிளக் செத்த பிளக். செராமிக்கில் விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

எரிபொருள் பற்றி ஒரு கண்டிப்பான சொல். விமானப் பெட்ரோல் முன்பு முழுக்க வெளிநாட்டிலிருந்துதான் வந்தது. 2022இல் இந்தியன் ஆயில் வதோதரா சுத்திகரிப்பு ஆலையில் 100எல்எல் தயாரித்து வெளியிட்டது. விலை கூடுதலாக இருக்கிறதே, பம்பில் கிடைக்கும் பெட்ரோலைப் போட்டால் என்ன என்று அவ்வப்போது யாராவது கேட்பார்கள். போடக் கூடாது. நம் பம்புகளில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. அது ரப்பர் சீல்களைத் தின்னும், ஈரத்தை உறிஞ்சும். 152இன் எஞ்சினுக்கு ஆக்டேனும் போதாது.

மழைநீர் இன்னொரு வழியில் வரும். உயர் இறக்கை விமானத்தில் டாங்க் மூடி வானத்தைப் பார்த்து இருக்கிறது. அதன் ஓ-ரிங் காய்ந்து வெடித்திருந்தால் இரவு பெய்த மழை நேராக டாங்குக்குள். காலையில் இறக்கையை ஆட்டிவிட்டு, கொஞ்சம் பொறுத்து, பிறகு வடித்துப் பாருங்கள். பெட்ரோலின் நீல நிறம் முழுக்க ஒரே சீராக இருக்க வேண்டும். கோப்பை முழுவதும் தண்ணீராகவே வந்தால் பிரிகோடு தெரியாது, ஏமாந்துவிடுவோம். அதனால் நிறத்தோடு மணத்தையும் பாருங்கள். இடது இறக்கையின் கீழுள்ள டாங்க் வென்ட் குழாயைக் குளவி அடைத்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

கார்புரேட்டர் பனி குளிர்நாட்டு வியாதி என்று நினைப்பவர்கள் உண்டு. வெளியே 25 டிகிரி, காற்றில் நல்ல ஈரம் என்றால் கார்புரேட்டர் தொண்டையில் உறைபனி பிடிக்கப் போதும். கேரளத்தின் மழைக்காலக் காலை அதற்கு ஏற்ற நேரம். கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் கார்ப் ஹீட் கதவும் கேபிளும் முழுத் தூரம் ஓடுகிறதா, இழுத்தால் ஆர்.பி.எம். குறைகிறதா என்று ஒவ்வொரு ஆய்விலும் உறுதி செய்யுங்கள். கேபினுக்குச் சூடு தரும் மஃப்ளர் உறையையும் கழற்றி விரிசல் தேடுங்கள். அங்கே ஓட்டை என்றால் கார்பன் மோனாக்சைடு நேராக கேபினுக்குள் வரும். எஞ்சின் அறை ரப்பர் ஹோஸ்கள் ஐந்தாண்டைத் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள், பேச்சே வேண்டாம்.

ஓவர்ஹால் எப்போது

ஓவர்ஹால் என்றால் எஞ்சினை முழுசாகப் பிரித்துப் புதுப்பிப்பது. ஓ-320 வகைகள் பலவற்றுக்கு லைகமிங் சொல்வது 2,000 மணி அல்லது 12 ஆண்டு. மணிக்கணக்கைப் பெருமையாகச் சொல்லும் விற்பனையாளர் ஆண்டைச் சொல்ல மாட்டார். 700 மணி மட்டுமே ஓடி இருபதாண்டு நின்ற எஞ்சினைவிட, வாரம் தவறாமல் பறந்து 1,800 மணி கண்ட எஞ்சினையே நான் தேர்ந்தெடுப்பேன். உங்கள் விமானத்தின் ஒப்புதல் பெற்ற பராமரிப்புத் திட்டத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே முடிவு. புரொப்பெல்லர் எதிலாவது மோதி எஞ்சின் சட்டென நின்றிருந்தால் மணியும் ஆண்டும் பார்க்காமல் திறந்தே ஆக வேண்டும்.

ஓவர்ஹால் முடிந்து வந்த எஞ்சினுக்கு முதல் 50 மணி, அல்லது எண்ணெய்ச் செலவு ஒரு நிலைக்கு வரும்வரை, மினரல் எண்ணெய் (சேர்மானம் இல்லாத வகை). தரையில் நெடுநேரம் ஓட்டாதீர்கள், மேலே போய் நல்ல பவரில் ஓட்டுங்கள். தயங்கித் தயங்கி ஓட்டினால் ரிங்குகள் உட்காராமல் சிலிண்டர் சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாகிவிடும். சிலிண்டர் தலை வெப்பத்தின் எல்லை 500 டிகிரி ஃபாரன்ஹீட் என்று புத்தகத்தில் இருந்தாலும் 400ஐத் தாண்ட விடாமல் பழகுங்கள். இதற்காகவே, எஞ்சினுக்கான மேம்பாட்டில் முதலில் வாங்க வேண்டியது நான்கு சிலிண்டரையும் தனித்தனியே காட்டிப் பதிவும் செய்யும் எஞ்சின் மானிட்டர் என்பேன்.

நான்காம் படி: வயரிங்

பேனலுக்குப் பின்னால் தலையை விட்டுப் பாருங்கள். நாற்பது ஆண்டில் நான்கைந்து பேர் ரேடியோ மாற்றியிருப்பார்கள், பழைய வயரை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். எங்கும் போகாத வயர்களை வெட்டி எடுத்தாலே சில சமயம் கிலோக்கணக்கில் எடை குறையும். பழைய பிவிசி உறை வயர் எரிந்தால் நச்சுப் புகை விடும். புதிதாக இழுப்பது டெஃப்ஸெல் உறை வயராக இருக்கட்டும்.

ரேடியோவில் இரைச்சல், மீட்டர் முள் துள்ளல் என்று வரும் ஸ்னாக்குகளில் (கோளாறுகளில்) நிறைய எர்த் இணைப்புத் துருவில் முடியும். புது ரேடியோ வாங்கும் முன் ஒவ்வொரு எர்த் முனையையும் கழற்றித் தேய்த்து மாட்டுங்கள். மாஸ்டர் சுவிட்ச், பழைய சர்க்யூட் பிரேக்கர்கள், ஆல்டர்னேட்டர் பிராக்கெட் ஆகியவற்றையும் இதோடு பார்த்துவிடுங்கள். பிறகு மின்சுமைக் கணக்கு: தொடர்ந்து ஓடும் எல்லாச் சாதனங்களின் ஆம்பியரையும் கூட்டினால் ஆல்டர்னேட்டர் திறனில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. விமானம் 14 வோல்ட்டா 28 வோல்ட்டா என்று பாருங்கள். 152 எல்லாம் 28, ஆனால் 1978க்கு முந்திய 172கள் 14. பழைய ரேடியோக்களில் பல ஏதாவது ஒன்றில் மட்டுமே ஓடும்.

ஐந்தாம் படி: பேனல்

இப்போது திரைக்கு வரலாம். எதை வாங்கினாலும் அந்த மாடலுக்கு சப்ளிமென்டல் டைப் சர்ட்டிஃபிகேட் (மாற்றத்துக்கான கூடுதல் வகைச் சான்றிதழ்) இருக்கிறதா, அதன் மாடல் பட்டியலில் உங்கள் விமானம் இருக்கிறதா, டிஜிசிஏ அதை ஏற்குமா என்ற மூன்று கேள்விக்கும் பணம் கட்டும் முன்பே எழுத்தில் பதில் வாங்குங்கள். அமெரிக்காவில் அனுமதி இருந்தால் இங்கேயும் தானாக இருக்கும் என்று எண்ணிப் பெட்டியைச் சுங்கத்தில் இறக்கியவர்கள் பட்ட பாடு பெரிய கதை.

பேனலில் என் வரிசை இது. முதலில், விபத்து நடந்தால் இருக்கும் இடத்தை அறிவிக்கும் அவசரகால பீக்கன். பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் பீக்கனை 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் கேட்பதில்லை. 406 மெகாஹெர்ட்ஸ் வகைதான் வேண்டும், அதை பெங்களூரில் உள்ள இஸ்ரோவின் இந்தியத் திட்டக் கட்டுப்பாட்டு மையத்தில் (ஐஎன்எம்சிசி) பதிவு செய்ய வேண்டும். அடுத்து ஒரு நல்ல ரேடியோ, ராடாருக்கு விமானத்தின் அடையாளத்தையும் உயரத்தையும் சொல்லும் மோட்-எஸ் டிரான்ஸ்பாண்டர். மூன்றாவதாக, கைரோ மீட்டர்களைக் காற்றை உறிஞ்சி ஓட்டும் வாக்குவம் பம்ப். உலர் வகைப் பம்பின் கரித் தகடுகள் முன்னறிவிப்பின்றி உடையும், உடைந்ததும் செயற்கை அடிவானமும் திசைக் கைரோவும் மெல்லச் சாய்ந்து பொய் சொல்லத் தொடங்கும். இந்த இரண்டுக்கும் பதில் சொந்த பாட்டரி கொண்ட மின்னணு மீட்டர்கள் வந்துவிட்டன. பம்பையும் குழாய்களையும் கழற்றினால் எடையும் மிச்சம். கடைசியாகத்தான் ஜிபிஎஸ் நேவிகேட்டர். வாங்கினால் செயற்கைக்கோள் திருத்தம் பெறும் வகையாக வாங்குங்கள். நம் நாட்டின் ஜிபிஎஸ் திருத்த அமைப்பான ககன் 2015 முதல் செங்குத்து வழிகாட்டலோடு இறங்க அனுமதி பெற்றது.

ஆறாம் படி: சோதனையும் பதிவும்

வேகமும் உயரமும் அளக்கும் பிட்டோ, ஸ்டாட்டிக் குழாய்களைத் தொட்டிருந்தால் கசிவுச் சோதனை கட்டாயம்: 1,000 அடிக்கு இணையான உறிஞ்சல் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் 100 அடிக்கு மேல் இறங்கக் கூடாது. டிரான்ஸ்பாண்டர் சொல்லும் உயரமும் ஆல்டிமீட்டர் காட்டும் உயரமும் ஒத்துப்போக வேண்டும். திசைகாட்டியை எஞ்சினும் ரேடியோவும் ஓடும்போது 30 டிகிரிக்கு ஒன்றாகத் திருப்பி அளந்து புது அட்டை எழுதுங்கள், பிழை 10 டிகிரியைத் தாண்டக் கூடாது. எடையும் சமநிலையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். ரேடியோ மாறினால் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தந்த விமான ரேடியோ உரிமத்திலும் திருத்தம் வேண்டும். இதை மறந்து ஆண்டு ஆய்வில் மாட்டிக்கொள்பவர்கள் நிறைய.

முதல் சோதனைப் பறத்தலை மழை மேகம் இல்லாத காலையில், விமான நிலையத்தை விட்டு விலகாமல், ஒரு பைலட்டும் குறிப்பெடுக்க ஓர் ஆளும் மட்டும் ஏறிச் செய்யுங்கள். ரேடியோ ஒலிபரப்பும்போது எரிபொருள் மீட்டரோ எஞ்சின் மானிட்டரோ துள்ளுகிறதா, எல்லா விளக்கும் எரியும்போது வோல்ட் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இறங்கி வந்ததும் சூடு ஆறுவதற்குள் எஞ்சின் மூடியைக் கழற்றி எண்ணெய், பெட்ரோல் கசிவு தேடுங்கள். அடுத்த 10 மணியில் மூடியை மறுபடி கழற்றி, புதிதாக மாட்டிய ஒவ்வொரு கிளாம்பையும் தொட்டுப் பார்த்து, எண்ணெய்ச் செலவை லாக்புக்கில் எழுதுங்கள்.